வழிக்கடன்

வீடு பங்கிடும் தூத்துக்குடிப் பகிர்வரங்கில் யாரும் யாரையும் தள்ளுவதில்லை. அங்கே வரிசை நகராமல் கிடப்பதற்குக் காரணம் மரியாதை.

"நீங்க போங்க அண்ணாச்சி."

"சேச்சே, முன்னால வந்தது நீங்க. நீங்க உக்காருங்க."

"எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

"எனக்கு மட்டும் என்ன, ரயிலா கிளம்புது?"

விளக்கச் சாளரத்தின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பியூலா இதைத் தினமும் பார்த்தாள். பார்த்துப் பார்த்து மரியாதை என்ற சொல்லே அவளுக்குக் கசந்துவிட்டது. மைக்கை முடுக்கினாள். "மூணாம் பொறி காலியா கிடக்கு. யாராவது ஒருத்தர் உக்காருங்கய்யா. கல்யாணப் பந்தியா நடக்குது இங்க?"

கூடம் சிரித்தது. யாரும் உட்காரவில்லை. கடைசியில் உப்பளத்துக்காரர் ஒருவர் தோற்றுப்போன முகத்தோடு பொறி முன் அமர்ந்தார். அவரை முன்னே விட்டவர் பின்னால் நின்று, பெண் கொடுத்த மாமனாரைப்போல மலர்ந்தார்.

உப்பளத்துக்காரர் 'கொடு' பொத்தானை அழுத்தினார். திரையில் ஐந்து சீட்டுகள் விழுந்தன. இரண்டு ஏழு, ஒரு ராஜா, மற்றவை குப்பை. ஏழுகளின் கீழிருந்த 'பிடி' பொத்தான்களை அமுக்கிவிட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். 'மாற்று' பொத்தானை அடித்தார். மூன்று புதிய சீட்டுகள் வந்தன. அவையும் குப்பை. நேராகச் சாளரத்துக்கு வந்தார்.

"எனக்கு முன்னால அந்தப் பொறியில ஒரு பொம்பளைக்கு மூணு ராணி வந்துச்சு. இருந்த நல்ல சீட்டையெல்லாம் அவ உறிஞ்சிட்டா. அப்புறம் எனக்கு எங்கேருந்து வரும்?"

"ஒவ்வொரு தடவையும் முழுக் கட்டுதான் ஐயா. அம்பத்திரண்டு சீட்டும் புதுசா கலையும். உங்களுக்கு முன்னால யார் உக்காந்தாங்க, என்ன எடுத்தாங்கன்னு பொறிக்கு ஞாபகமே இருக்காது."

"ஞாபகமே கிடையாதா?"

"கிடையாது."

"அப்ப எம் பொண்டாட்டி மாதிரி இல்ல" என்றார் அவர். அவர் குரலும் பியூலாவின் பதிலும் ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்டன. அது வீட்டு வாரியத்தின் விதி. சாளரத்தில் எதையும் காதோடு காதாகச் சொல்லக் கூடாது. ரகசியம் என்று ஒன்று இருந்தால் ஊர் நம்பாது.

நம்பாமல்தான் ஒருமுறை பழைய கூடத்தை எரித்தார்கள். கடல் ஊருக்குள் வந்து தாழ்ந்த தெருக்களில் தங்கிவிட்ட பிறகு, வல்லநாட்டுச் சரிவில் கட்டிய மேட்டு வீடுகளை வாரியம் விண்ணப்பம் வாங்கிப் பங்கிட்டது. ஏற்கெனவே மாடி வீடு உள்ளவர்களுக்கே அவை கிடைத்தன. கட்சிக்காரர் கடிதம், சாதிச்சங்கத் தலைவர் தொலைபேசி, மாமா, மச்சான். தண்ணீரில் நின்றவர்கள் தண்ணீரிலேயே நின்றார்கள். ஒருநாள் கூடம் எரிந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு சூதாட்டக் கப்பல் புயலில் சிக்கித் துறைமுகத்துக்கு வெளியே தரைதட்டியது. முதலாளி கைகழுவிவிட்டார். உள்ளே வரிசையாகப் போக்கர் பொறிகள் இருந்தன. அவற்றைக் கழற்றிக் கூடத்தில் வைக்கலாம் என்ற யோசனை யாருடையது என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஊர் ஏற்றுக்கொண்டது. சூதாட்டப் பொறிக்குக் கட்சி தெரியாது, சாதி தெரியாது. குடும்பத்துக்கு மாதம் ஓர் ஆட்டம். நான்கு சீட்டு ஒரே எண்ணாகவோ அதைவிட மேலாகவோ வந்தால் மேட்டு வீடு.

வெறும் குலுக்கல் போதாதா என்று அப்போது சிலர் கேட்டார்கள். வாரியத்துக்குப் பொறிதான் பிடித்தது. எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று ஆடுபவன் தானே தேர்கிறான். தோற்றால் வாரியத்தைத் திட்ட மாட்டான். ராஜாவை ஏன் விட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

பொறிக்குள் எண்சுழலி என்று ஒரு சில்லு இருக்கிறது. முன்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சுழன்றுகொண்டே இருக்கும். கண் இமைப்பதற்குள் எண்ணி முடியாத அளவுக்குக் கட்டு கலைந்து மாறும். விரல் பொத்தானைத் தொடும் அந்த நொடித்துண்டில் கட்டு எப்படி இருக்கிறதோ, அதன் மேலிருந்து ஐந்து சீட்டு விழும். மீதிச் சீட்டுகள் சும்மா கிடப்பதில்லை. ஆடுபவன் யோசிக்கும்போதும் அவை கலைந்துகொண்டே இருக்கும். 'மாற்று' அழுத்தும்போது எது மேலே இருக்கிறதோ அதுதான் வரும். கொஞ்சம் முன்னால் அழுத்தியிருந்தால் வேறு சீட்டு. கொஞ்சம் பின்னால் என்றாலும் வேறு.

பியூலாவின் வேலை இதைச் சொல்வது. இடது கையால் அழுத்துபவர்களிடமும், பொறிக்குத் திருநீறு பூசுபவர்களிடமும், சூடான பொறி கொடுக்காது என்று முந்தானையால் விசிறுபவர்களிடமும் அவள் இதையே சொன்னாள். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அடுத்த மாதம் மறுபடியும் முந்தானையோடு வருவார்கள். அவளுக்குச் சில நாள் கண்ணாடியில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

எல்லாவற்றிலும் அவளை அதிகம் எரிச்சல்படுத்தியது வழிக்கடன்.

அதை வாரியம் உண்டாக்கவில்லை. ஊர் தானாக உண்டாக்கிக்கொண்டது. வரிசையில் ஒருவன் இன்னொருவனை முன்னே விடுகிறான். அந்த இன்னொருவனுக்கு வீடு விழுகிறது. அப்படியானால் அது வழிவிட்டவனுக்கு வரவேண்டிய வீடு என்பது ஊரின் கணக்கு. முழுதாகக் கேட்பது அநியாயம். அதனால் பாதி. மேட்டு வீட்டுக்காரர் நாலு பேரை உடன்வாசியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியில் இடம் இருந்தது. அந்த இடத்தில் வழிவிட்டவன் குடும்பம் போய்ச் சேரும். யாரும் மறுத்ததில்லை. மறுத்தவன் தெருவில் நடமாட முடியாது. இதனால்தான் கூடத்தில் இத்தனை 'நீங்க போங்க'. ஒவ்வொருவனும் ஒரு ஆட்டத்தை ஆடுவதைவிடப் பத்துப் பேரை முன்னே விட்டு அத்தனை பேர் ஆட்டத்திலும் துண்டு போட்டுவைக்கப் பார்த்தான்.

"முட்டாப் பயலுவ" என்று பியூலா வீட்டில் சொல்வாள். "வேற நொடியில அமுக்கினா வேற சீட்டு. இவன் சீட்டு அவனுக்கு எப்படிப் போகும்?"

அவள் கணவன் டென்சிங் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பான். அவன் கடல்மதிலில் மதகுக்காரன். சொல்லி ஜெயிக்க முடியாத இடத்தில் வாயைத் திறப்பதில்லை என்பது அவன் பழக்கம்.

போன அமாவாசைப் பெருக்கன்று டென்சிங் வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் ஐயம்பெருமாள். பக்கத்து வீட்டுக்காரர், அதே மதகில் மூத்தவர். "ஏல, தண்ணி ஏறுது. நான் போய் ரெண்டாம் மதகை மூடணும். என்னைய விடு" என்றார். டென்சிங் விட்டான். ஐயம்பெருமாளுக்கு முதலில் இரண்டு எட்டு விழுந்தது. பிடித்தார். மாற்றினார். இன்னும் இரண்டு எட்டு. அடுத்து உட்கார்ந்த டென்சிங்குக்கு வெறும் குப்பை.

அன்று மாலையே ஐயம்பெருமாள் வீடு தேடி வந்தார். "ஏல, இது உன் வீடு. பாதிய நீ எனக்கு விட்டுக்குடுத்தன்னு நெனச்சுக்கிடுதேன்" என்று டென்சிங்கின் கையைப் பிடித்துக்கொண்டார். டென்சிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. பியூலா காப்பி போட்டாள். தாராளமாகச் சர்க்கரை போட்டாள். எதுவும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் இருந்தது தரைத்தளம். பெருக்கு வந்தால் கட்டிலைக் கல்மேல் தூக்கிவைக்க வேண்டும். சுவர் முழுக்கப் பூஞ்சை. மகள் செலஸ்தீனா படுத்தால் மூச்சு விசிலடிக்கும். இன்னொரு மழைக்காலத்தை இந்தச் சுவருக்குள் கழிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பியூலா மறுநாளே பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். கூடத்தில் அன்று ஒருவர் வழிக்கடன் பற்றிக் கேட்டபோது, வழக்கம்போல "அதெல்லாம் சும்மா" என்றாள். சொல்லும்போது மட்டும் நாக்கு லேசாக ஒட்டியது.

மரியாதை நாடகம் முடிந்து உப்பளத்துக்காரர் போன அன்றே, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், சொர்ணம் சாளரத்துக்கு வந்தாள். ஐயம்பெருமாளின் மனைவி. பின்னால் ஐயம்பெருமாள் தலையைக் குனிந்து நின்றார். தூண் ஓரத்தில் டென்சிங். அவனையும் கையோடு அழைத்து வந்திருந்தார்கள்.

சொர்ணம் தெருவில் பேசுகிற குரலிலேயே மைக்கில் பேசினாள். கூடம் அதிர்ந்தது.

"பியூலா, வீட்டுக்கே வந்து கேட்டிருப்பேன். அங்க நீ டென்சிங்கு பொண்டாட்டி. இங்க நீ வாரியம். அதான் இங்க வந்தேன்."

"கேளுங்க மதினி."

"டென்சிங் வழிவிடாம, அவரு முறைக்கு அவரே உக்காந்திருந்தா, அந்த நாலு எட்டு அவருக்கு வந்திருக்குமா?"

வரிசையில் 'நீங்க போங்க' நின்றுவிட்டது.

"இப்ப எதுக்கு மதினி இது?"

"எங்கப்பா முகாமுல ரெண்டு பெஞ்சை ஒட்டிப்போட்டுப் படுத்திருக்காரு. திரும்பிப் படுத்தா கீழ விழுந்துருவாரு. எங்கம்மா ராத்திரி முழுக்க உக்காந்து அவரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. தங்கச்சியும் அவ பிள்ளையும் அங்கதான். நாலு பேரு. வீட்டுல நாலு இடம். உங்களுக்குக் குடுக்கணும்னா குடுத்துத்தான் ஆகணும், கடன்னா கடன்தான். ஆனா கடன்தானான்னு எனக்குத் தெரியணும்."

பியூலா மேசையைப் பார்த்தாள். "அதை யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றாள்.

"நேத்து அந்த உப்பளத்து ஆளுக்கு உறுதியாச் சொன்னியே? போன மாசம் தெரேசாகிட்ட சொன்னியே? நானும் வரிசையிலதான நின்னேன்? ஊருக்கு ஒரு பதிலு, உம் புருஷனுக்கு ஒரு பதிலா?"

உப்பளத்துக்காரர் வந்தது நேற்றல்ல, இன்று காலைதான். அதைத் திருத்தலாம் என்று ஒரு அற்ப எண்ணம் பியூலாவுக்கு வந்து போனது. கூடத்தில் எல்லா முகமும் சாளரத்தின் பக்கம் திரும்பியிருந்தது. டென்சிங் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. ஒரு 'ஆமாம்' போதும். செலஸ்தீனா மேட்டில் காய்ந்த சுவருக்குப் பக்கத்தில் படுப்பாள். கிழவர் பெஞ்சில் கிடப்பார். அந்த ஒரு 'ஆமாம்' ஒலிபெருக்கியில் போனால், நாளையிலிருந்து இந்தச் சாளரத்தில் அவள் சொல்லும் எதற்கும் அர்த்தமில்லை. அதைப் பற்றி அவள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அவளைத் தடுத்தது வேறு. இத்தனை காலம் நம்பாத ஜனத்தை நம்பவைக்கக் கத்தியிருக்கிறாள். முதல்முறையாக ஒருத்தி நம்புவதற்குத் தயாராக வந்து நிற்கிறாள்.

"வந்திருக்காது" என்றாள். "அவர் அமுக்குற நொடி வேற. இவர் அமுக்குன நொடி வேற. அந்தச் சீட்டு அவருக்கு வந்திருக்காது."

கூடத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். சொர்ணம் தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. கணக்கு முடிந்த களைப்புதான் இருந்தது. திரும்பினாள்.

ஐயம்பெருமாள் திரும்பவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, அப்ப எனக்கு ஏன் வந்துச்சு?"

"ஏன்னு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அது அவருக்குப் பிடிக்கவில்லை. வீடு கிடைத்தவர் மாதிரி இல்லை, ஏதோ பறிபோனவர் மாதிரி நின்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "சரி. இவன் வழிவிடலைன்னு வையி. நான் இவனுக்குப் பின்னால உக்காந்திருப்பேன். அப்ப எனக்கு வந்திருக்குமா?"

இத்தனை காலத்தில் இப்படித் திருப்பி யாரும் கேட்டதில்லை. பியூலாவும் யோசித்ததில்லை.

"வந்திருக்காது" என்றாள். "உங்களுக்கும் நொடி மாறியிருக்கும்."

"பாத்தியா!" ஐயம்பெருமாள் மனைவியின் தோளைத் தட்டினார். "அது அவன் வீடு இல்ல. சரி. ஆனா அவன் இல்லைன்னா என் வீடும் இல்ல. கடன் கடன்தான்!"

தூணை விட்டு டென்சிங் நிமிர்ந்தான். பியூலா அவனைப் பார்த்துவிட்டாள். அப்படியே விட்டிருக்கலாம். மைக்கை அணைத்திருக்கலாம். ஆனால் சொர்ணம் சாளரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு வர்ற வழியில அண்ணாச்சி வேற எங்கயாவது நின்னாரா?" என்று பியூலா கேட்டாள்.

"பால்துரை கடையில டீ குடிச்சுட்டு வந்தாரு" என்றாள் சொர்ணம்.

"குடிக்காம வந்திருந்தா?"

பியூலா கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பவும் வந்திருக்காது."

"அவருக்கு முன்னால ஆடுன ஆளு சீக்கிரம் எந்திரிச்சிருந்தா?"

"வந்திருக்காது."

"அப்ப பால்துரைக்கும் ஒரு ரூம்பு குடுக்கணுமே?" சொர்ணம் கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். "தும்முனவனுக்குத் திண்ணைய எழுதி வைக்கணுமா? ஊரையே கூட்டிட்டுப்போயி ஒரு வீட்டுல படுக்க வைக்கணுமா?"

ஒருவன் சிரித்தான். அப்புறம் நாலு பேர். அப்புறம் கூடம் முழுக்கச் சிரித்தது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "பால்துரை, பொட்டியக் கட்டுல!" என்றது. வழிக்கடன் அந்தச் சிரிப்பில்தான் செத்தது. இத்தனை வருடம் பியூலா சொல்லியும் சாகாதது.

அன்று டென்சிங் வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கினான். பியூலா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"வேற என்ன செஞ்சிருக்கணும்?"

அவன் ஒரு குண்டானைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "என் வீடு போச்சுன்னு இருந்திருந்தா, போச்சேன்னு அழுதுட்டு விட்டிருப்பேன். எனக்குன்னு ஒண்ணு வந்துச்சு, நான் விட்டுக்குடுத்தேன்னு இருந்திருக்கும். நீ அதுவும் இல்லைன்னுட்ட. எனக்கு எதுவுமே வரலைன்னுட்ட."

அதற்கு அவளிடம் விளக்கம் இருந்தது. அடுத்த பாத்திரத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

சொர்ணத்தின் அப்பா மேட்டில் கட்டிலில் படுத்தார். ஐயம்பெருமாள் மதகில் டென்சிங்கைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடனாளியாக இருந்தவரை தினமும் கையைப் பிடித்தவர். கடன் இல்லை என்றானதும் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

கூடம் மாறிவிட்டது. வரிசை இப்போது வேகமாக நகர்ந்தது. காத்திருக்கும் நேரம் பாதியானதென்று வாரியம் பியூலாவுக்குப் பாராட்டு அனுப்பியது. 'நீங்க போங்க' என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? நிறைமாதக்காரி ஒருத்தி மயங்கிச் சரிந்தபோது, வரிசையில் இடம் போய்விடும் என்று முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்ததோடு சரி. முழங்கைகள் வந்தன. பிறகு இரும்புக் கம்பித் தடுப்பு வந்தது. முந்தானையால் விசிறுவது மட்டும் நிற்கவில்லை. திருநீறும் நிற்கவில்லை. முன்னால் ஆடியவள் சீட்டை உறிஞ்சிவிட்டாள் என்று சண்டை வழக்கம்போல நடந்தது. தான் சொன்னதில் ஊர் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது என்று பியூலாவுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்ற பாதி.

மழை தொடங்கிய வாரம் டென்சிங்கின் முறை வந்தது. சாளரத்திலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பொறி முன் அமரப் போகும்போது, பின்னாலிருந்து ஒருவன் தோளைத் தொட்டான். மீன்வலைத் தொழிற்சாலைக்காரன். கையில் சுற்றிய துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

"அண்ணே, தையல் போடப் போவணும். என் முறையை முடிச்சுட்டு ஓடிருதேன். கொஞ்சம் விடுங்கண்ணே."

அந்த அமாவாசை வரை என்றால் டென்சிங் எதையும் கேட்காமல் விலகியிருப்பான். இப்போது அவனைத் திரும்பிப் பார்த்தான். கையைப் பார்த்தான். "எனக்கும்தான் அவசரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான்.

மூன்று ராஜா விழுந்தது.

கூடம் எட்டிப் பார்த்தது. டென்சிங் மூன்றையும் பிடித்தான். விரலை 'மாற்று' மேல் வைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் பியூலா, தன்னை அறியாமல், இரண்டு கையையும் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே" என்றான் வலைக்காரன், "ரத்தம் நிக்க மாட்டேங்குதுண்ணே."

டென்சிங் ஒரு கணம் தயங்கி, அழுத்தினான். ஒரு கிளாவர் மூன்று. ஒரு டைமன் ஒன்பது.

அவன் எழுந்து வலைக்காரன் சட்டையைப் பிடித்துவிட்டான். நாலு பேர் வந்து விலக்கினார்கள். பியூலா பார்த்து அறியாத முகம் அது. நேராகச் சாளரத்துக்கு வந்தான். வரிசையில் நின்றான். முறை வந்ததும் மைக் முன்னால் குனிந்தான், மற்றவர்களைப் போலவே.

"இந்த நாயி பேச்சுக் குடுக்காம இருந்திருந்தா நான் முன்னாலயே அமுக்கியிருப்பேன். அப்ப வேற சீட்டு வந்திருக்கும்தானே?"

ஒலிபெருக்கியில் அவன் மூச்சுகூடக் கேட்டது. செலஸ்தீனாவின் மூச்சைப்போல.

"வந்திருக்கும்" என்றாள் பியூலா.

"நாலாவது ராஜாவா?"

"வேற சீட்டு."

"நல்ல சீட்டா, அதைச் சொல்லு."

"வேற சீட்டு" என்றாள் மறுபடியும்.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். பின்னால் நின்றவர் முழங்கையால் அவன் முதுகை இடித்தார். மூன்றாம் பொறியில் வலைக்காரன் நல்ல கையால் 'கொடு' பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான்.